ஊர் அடங்கியபோது கேட்ட சைக்கிள்

மிதிக்கும்போது சைக்கிள் அதிகம் பேசாது. காலை நிறுத்தி, வண்டியை அதன் போக்கில் உருள விட்டால்தான் பின்சக்கரத்தின் நடுவிலிருந்து ‘டிக் டிக் டிக்’ என்று ஃப்ரீவீல் வாய் திறக்கும். சென்னை மாதிரி நகரத்தில் அது ஓட்டுகிறவருக்கு மட்டுமே கேட்கும் ரகசியம். பக்கத்தில் நடப்பவருக்குக்கூட எட்டாது. ஒரு ஆட்டோ போனால் ஓட்டுகிறவருக்கும் எட்டாது. 2020 மார்ச் 25-இல் கொரோனா ஊரடங்கு தொடங்கிய பிறகு அந்த ரகசியம் தெருவுக்கு வந்தது. மூன்றாம் மாடியில் அரிசி களைந்துகொண்டிருப்பவர் காதிலும் கீழே சைக்கிள் போவது விழுந்தது. முனையில் மிதிப்பதை நிறுத்துகிறார், திரும்பிவிட்டார், மறுபடி மிதிக்கிறார் என்று எட்டிப் பார்க்காமலே சொல்ல முடிந்தது.

அப்படிப்பட்ட அமைதி அது. மாநகரப் பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ, ஆட்டோ எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. உள்நாட்டு விமானங்கள் இரண்டு மாதம் பறக்கவில்லை. உலகெங்கும் உள்ள நில அதிர்வு நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள், மனித நடமாட்டத்தால் தரையில் உண்டாகும் நடுக்கம் அந்த மாதங்களில் பாதியளவு வரை குறைந்திருந்ததாக 2020 ஜூலையில் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். தரையே நடுக்கத்தைக் குறைத்துக்கொண்ட நாட்களில், இரும்பும் ரப்பரும் சேர்ந்த ஒரு எளிய வண்டி எழுப்பும் சின்னச் சத்தங்களுக்கெல்லாம் அரங்கம் கிடைத்துவிட்டது.

ஃப்ரீவீலைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்த டிக்கின் அழகு இன்னும் கூடும். பல்சக்கரத்தின் உள்ளே நகம் அளவுக்கு இரண்டு எஃகுத் துண்டுகள். மெல்லிய ஸ்பிரிங் கம்பி அவற்றை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். மிதிக்கும்போது அவை உள்பற்களில் மாட்டிக்கொண்டு சக்கரத்தை இழுத்துப் போகும். மிதிப்பதை விட்டால் பற்களின் முதுகில் ஏறி ஏறி விழும். ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு டிக். வேகம் குறையக் குறைய இடைவெளி நீளும்; வண்டி நிற்கப்போகும் கட்டத்தில் கடைசி இரண்டு டிக்குகளுக்கு நடுவே ஒரு மூச்சு விடலாம். எண்ணெய் வற்றிய ஃப்ரீவீல் உரக்கக் கத்தும். எண்ணெய் ஊறியது முணுமுணுக்கும். ஆகவே ஒரு தெருவில் பத்து சைக்கிள் இருந்தால் பத்துக் குரல்.

இந்தக் குரல்களிலிருந்து தெருவின் நிலவரத்தையே தெரிந்துகொள்ளலாம். பேப்பர் போடும் பையனின் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அது வீட்டுக்கு வீடு நிற்கும். டிக்குகள் சின்னச் சின்னத் துண்டுகளாக வரும். காகிதத்தில் கிருமி ஒட்டிவருமோ என்ற பயத்தில் அந்த ஏப்ரலில் பலர் செய்தித்தாளை நிறுத்தினார்கள். ஓசையின் துண்டுகள் நீண்டன. நிற்காமல் கடக்கும் வீடுகள் கூடிவிட்டன என்பதைப் படுக்கையில் இருந்தபடியே காது கணக்கெடுத்தது. அவனுக்கு மிதிப்பது மிச்சமானது. வருமானமும் அந்த அளவுக்குக் குறைந்தது. பால்காரரின் வண்டிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பால் பாக்கெட் கூடை கேரியரில் அதிர, அதே வீடுகளில், அதே இடைவெளியில் நின்று நின்று போயிற்று.

பெல்லின் கதை வேறு. கிண்ணம் மாதிரியான மூடிக்குள் ஒரு சின்னப் பல்சக்கரம். கட்டைவிரலால் தள்ளினால் அது சுழன்று, தளர்வாகக் கோத்த இரண்டு வளையங்களை வீசி மூடியின் உள்சுவரில் அடிக்கும். முழுதாகத் தள்ளினால் ‘ட்ரிங் ட்ரிங்’. சந்தடியில் பிழைக்கச் செய்த சத்தம் அது. அடங்கிய தெருவில் அதை முழுதாக அடிப்பது கோயில் பிராகாரத்தில் கூச்சலிடுவதற்குச் சமமாகப் பட்டிருக்க வேண்டும். ஓட்டுகிறவர்கள் தாமாகவே அளவைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டைவிரலைப் பாதி மட்டும் தள்ளி ஒரே ஒரு ‘டிங்’. ‘வழி விடு’ என்ற அதட்டல் அதில் இல்லை; ‘வருகிறேன்’ என்கிற தகவல் மட்டும் இருந்தது. யாரும் சொல்லித்தராமல் ஒரு ஊரே கற்றுக்கொண்ட நாகரிகம் இது.

காதுக்குக் கிடைத்த அளவு கண்ணுக்கும் கிடைத்தது. பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் சென்னைத் தெருக்களில் புங்கமரம் பூ உதிர்க்கும். வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த பொடிப்பூ. மற்ற ஆண்டுகளில் அது விழுந்த அரைமணி நேரத்தில் கார் டயர்கள் அரைத்துப் பழுப்புக் கூழாக்கிவிடும். 2020-இல் பூ விழுந்தபடியே கிடந்தது. அதன் மேல் சைக்கிள் போனால் ஒன்றரை அங்குல அகலத்துக்கு ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் படிப்பது தனி ருசி. நேராகப் போகும் வண்டியில் முன்சக்கரத்தின் தடத்திலேயே பின்சக்கரமும் ஏறி வருவதால் தரையில் ஒரே கோடு. திரும்பினால் கோடு இரண்டாகப் பிரியும். பின்சக்கரத்தின் தடம் எப்போதும் வளைவின் உள்பக்கமாக வரும். மெதுவாக, கொஞ்சம் தள்ளாடி ஓட்டும் பெரியவரின் தடம் சடைப்பின்னல் போல இரண்டு இழைகள் விலகியும் சேர்ந்தும் போகும். அதே தெருவில் பள்ளிக்கூடப் பையன் போன தடம் நூல் பிடித்திருக்கும்.

வாசலில் கோலம் போடுகிற பெண்களுக்கும் அது புது அனுபவமாக இருந்திருக்கும். காலையில் போட்ட கோலம் எட்டு மணிக்குள் டயரில் ஒட்டிக்கொண்டு ஊர்வலம் போவதுதான் வழக்கம். அந்த மாதங்களில் மாலை வரை புள்ளி கலையாமல் கிடந்தது. சைக்கிளில் வருகிறவர் ஹேண்டில்பாரை இரண்டு விரற்கடை திருப்பினால் போதும், கோலம் தப்பிவிடும். கார்க்காரர் நினைத்தாலும் அந்த மரியாதையைச் செய்ய முடியாது. அவருக்குத் தெருவின் முழு அகலமும் வேண்டும். இடத்தைக் குறைவாக எடுத்துக்கொள்கிற வண்டியால்தான் அடுத்தவர் வரைந்ததைச் சுற்றிக்கொண்டு போக முடிகிறது.

மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வாசலுக்கு வாசல் வந்த காலம் அது. தெரு ஓரங்களில் மாநகராட்சி தூவிய ப்ளீச்சிங் பவுடர் ஒரு வெள்ளைக் கோடு; வீட்டு வாசலில் கோலம் இன்னொரு வெள்ளை. மஞ்சள் தண்ணீர் தேங்கிய குழியில் முன்சக்கரம் லேசாகத் தொட்டுவிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஏழடிச் சொச்சம் ஆகும். ஆகவே வண்டி ஏழடிக்கு ஒரு தரம் அதே மஞ்சள் பொட்டைத் தரையில் வைத்துக்கொண்டு போகும். முதல் பொட்டு அழுத்தமாக, அடுத்தது வெளிறி, நாலாவது ஐந்தாவது இருக்கிறதா இல்லையா என்ற அளவில். வழக்கமான நாளில் இப்படி ஒன்று நடப்பதே நமக்குத் தெரியாது.

மயிலாப்பூரில் அந்த ஆண்டு பங்குனிப் பெருவிழா இல்லை. அறுபத்துமூவர் வராத மாட வீதியில் குளத்தைச் சுற்றி ஒருவர் சைக்கிள் விட்டுக்கொண்டு போனால் வீதியின் முழு நீளமும் கண்ணில் படும். கடைகளின் பெயர்ப்பலகைக்கு மேலே பழைய வீடுகளின் மாடி விளிம்பு, சுண்ணாம்புப் பூவேலை, ஒரு காரை யாளி. நடப்பவர் கண் தரையைப் பார்க்கும். வண்டி ஓட்டுபவர் கண் முன்னால் போகும் வண்டியைப் பார்க்கும். காலி வீதியில் சைக்கிள் ஓட்டுபவரின் கண்ணுக்கு மட்டும்தான் வேலை குறைவு. அதனால் அது மேலே போயிற்று.

இனி சுமைக்கு வருவோம். ஏப்ரல் 5 முதல் மளிகை, காய்கறிக் கடைகளுக்குக் காலை 6 மணியிலிருந்து பகல் 1 மணி வரைதான் நேரம். அதற்குள் போய் வர வேண்டும். பல தெருக்களின் முனையில் தடுப்பு. சில தெருக்களில் தகரமே அடைத்திருந்தது. இத்தனை இடுக்கில் நுழைந்து, ஒரு வாரக் காய்கறியைக் கொண்டு வர சைக்கிளை விட்டால் ஆளில்லை. அதைக் கட்டி எடுத்து வந்த விதத்தில் ஒரு கலை இருந்தது.

இரண்டு பையையும் ஹேண்டில்பாரின் ஒரே பக்கம் மாட்டினால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும் என்பது முதல் பாடம். இடது பக்கம் வெங்காயம் என்றால் வலது பக்கம் அதற்கு ஈடாக ஏதாவது வேண்டும். பை நீளமாகத் தொங்கினால் முட்டியில் இடிக்கும், சக்கரத்தில் உரசும்; ஆகவே காதை ஒரு முறுக்கு முறுக்கி உயர்த்தி மாட்ட வேண்டும். உருளைக்கிழங்கு, கருணைக்கிழங்கு எல்லாம் கேரியருக்கு. தக்காளி எப்போதும் கண்ணெதிரே, ஹேண்டில்பாரில். முருங்கைக்காய் எந்தப் பைக்கும் அடங்காது. அதைக் கேரியரில் நீளவாக்கில் வைத்து, பழைய டியூபைக் கிழித்த வாரால் கட்டினால்தான் தடுப்புகளில் மாட்டாமல் வரும். கொத்தமல்லிக் கட்டை மேலாக வைத்தால் வீடு வரை காற்று அதன் வாசனையை ஓட்டுகிறவர் மூக்குக்கே கொண்டுவந்து தரும். முகக்கவசத்தைத் தாண்டி வந்த வாசனை என்பதால் அதற்கு மதிப்பு கூடுதல்.

முட்டை அட்டையை யாரும் கேரியரில் கட்ட மாட்டார்கள். ஒரு கையில் ஏந்திக்கொண்டு, இன்னொரு கையால் ஓட்டி வருவார்கள். அப்படி வருகிறவரின் கால் வேகம், முதுகு நிமிர்வு, பள்ளம் வருமுன் சீட்டிலிருந்து அரை அங்குலம் எழும்பி உடம்பாலேயே அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் பக்குவம், எல்லாம் ரசிக்கத் தக்கவை. முப்பது முட்டையும் உடையாமல் வீடு வந்தால் அது ஒரு கச்சேரி.

ஏப்ரலில் அரிசி அட்டைக்காரர்களுக்கு 1,000 ரூபாயும், அந்த மாத அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் ரேஷன் கடைகளில் இலவசமாகக் கிடைத்தன. நாளும் நேரமும் குறித்த டோக்கனோடு போய் வாங்கிய அரிசியைப் பலர் சைக்கிளில்தான் கொண்டுவந்தார்கள். லேடீஸ் சைக்கிளின் பெருமை அப்போது விளங்கியது. குறுக்குக் கம்பி இல்லாமல் தாழ்ந்து வளையும் அந்த இடம் அரிசி மூட்டைக்கு அளவெடுத்துச் செய்த தொட்டில். எடை சக்கரங்களுக்கு நடுவில், தரைக்கு அருகில் அமர்வதால் வண்டி அலைபாயாது. ஏறி ஓட்ட முடியாது. ஒரு கை ஹேண்டிலிலும் ஒரு கை சீட்டிலும் வைத்துத் தள்ளிக்கொண்டு வரலாம். அந்த வண்டிகளில் பாதிக்கு மேல் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் அரசிடம் வாங்கியவைதான் என்று அவற்றின் முன்கூடையைப் பார்த்தே எனக்குத் தோன்றும். மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம், பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த மாதங்களில் வீட்டுக்கே வண்டியாயிற்று. அப்பா அதில் கடைக்குப் போனார், அம்மா வீட்டு வேலைக்குப் போனார். சென்னையில் மாநகரப் பேருந்து மறுபடி ஓடியது செப்டம்பர் 1-இல்தான் என்பதை நினைவில் கொண்டால் அந்த முன்கூடைகளின் அருமை புரியும்.

வெயிலையும் சேர்த்துத்தான் இதைச் சொல்ல வேண்டும். மே 4-இல் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மிதமாக மிதிக்கும்போது எதிர்காற்று வேர்வையை அவ்வப்போது துடைத்துக்கொண்டே வரும். உடம்பு நனைந்திருப்பதே தெரியாது. சோதனைச் சாவடியில் காலை ஊன்றி நின்ற அடுத்த கணம் முதுகிலிருந்து ஊற்று கிளம்பும். மூக்குக் கண்ணாடி முகக்கவச மூச்சில் மங்கும். போலீஸ்காரர் முகம் கலங்கலாகத் தெரியும். மறுபடி மிதிக்கத் தொடங்கினால் பத்துப் பெடலுக்குள் கண்ணாடி தெளிந்துவிடும். சைக்கிள் ஓட்டம் காற்றையும் கூடவே உண்டாக்கித் தருகிறது என்பதை நின்றால்தான் உணர முடிகிறது.

போலீஸ்காரருக்கும் சைக்கிள்காரருக்கும் நடுவே நிகழ்ந்த மௌன உரையாடல் ஒன்று உண்டு. தடுப்பு தெரிந்ததும் சைக்கிள்காரர் இருபதடி முன்னாலேயே இறங்கிவிடுவார். இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறவரை அதட்ட யாருக்கும் மனம் வராது. பெரியவர்களைக் கண்டால் வண்டியிலிருந்து இறங்குவது நம் ஊர்ப் பழைய பழக்கம். அது இந்தக் காலத்தில் இப்படி உதவியது. ஜூன் 19 முதல் சென்னையிலும் பக்கத்து மாவட்டப் பகுதிகளிலும் மறுபடி முழு ஊரடங்கு வந்தபோது அரசின் உத்தரவு இன்னும் இறுகியது. காய்கறி, மளிகைக்கு வண்டி எடுக்காமல் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்தே போய் வாங்க வேண்டும். சைக்கிள் இதில் எந்தக் கணக்கு? எங்கள் பக்கத்து முனையில் நடந்தது இது.

“வண்டில வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல?”

“சார், இது சைக்கிளு.”

கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தார். கேரியரில் கீரைக்கட்டு. “சரி, இறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க.”

சட்டப் புத்தகம் எதிலும் இல்லாத தீர்ப்பு. ஆனால் அதைவிட நியாயமாக ஒரு தீர்ப்பு சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. ஏறினால் வண்டி, இறங்கினால் நடை. ஒரே பொருள் இரண்டாகவும் இருப்பதை அவர் நொடியில் கண்டுகொண்டார்.

முகத்தை மூடிய காலத்தில் சைக்கிளே முகமாகவும் இருந்தது. தூரத்தில் வருகிறவர் யாரென்று கவசத்தைத் தாண்டித் தெரியாது. ஆனால் மட்கார்டில் கட்டிய எலுமிச்சம்பழமும் மிளகாயும், சீட்டில் மாட்டிய பிளாஸ்டிக் உறை, ஒரு பக்கம் மட்டும் ரப்பர் தேய்ந்த பெடல், ஹேண்டிலை இறுகப் பிடிக்காமல் உள்ளங்கையால் மட்டும் அழுத்தி ஓட்டும் பழக்கம் எல்லாம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். டீக்கடைகளுக்கு மே 11-இல்தான் பார்சல் கொடுக்க அனுமதி வந்தது. அதற்கு முன்னாலேயே சில தெருக்களில் டீ கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். கேன் மூடியின் லேசான கடகடப்புக் கேட்டதும் கதவுகள் ஒருச்சாய்த்துத் திறக்கும். குரல் கொடுக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை.

இத்தனை சைக்கிளும் ஓட, சைக்கிள் கடைகள் சில வாரங்கள் பூட்டிக் கிடந்தன. தனிக்கடைகளை ஒவ்வொன்றாகத் திறக்க விட்டதும் கடை வாசலில் தூசி படிந்த வண்டிகள் வரிசையில் நின்றன. அம்பத்தூர் ஆலையிலிருந்து என்றோ வந்த ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ., வடக்கேயிருந்து வந்த ஹீரோ, அட்லஸ். மாடிப்படிக்கு அடியிலும் மொட்டை மாடித் தொட்டிக்குப் பின்னாலும் பல வருஷம் கிடந்தவை. பெரும்பாலானவற்றுக்கு ஒரே நோய், காற்று நிற்கவில்லை. “டியூபு நல்லாத்தான் சார் இருக்கு. வால்டியூப் காஞ்சிடுச்சு” என்றார் எங்கள் கடைக்காரர். வால்வுக்குள் போட்டிருக்கும் அரை விரல் நீள ரப்பர் குழாய் அது. பம்பின் காற்று உள்ளே போக வழி விட்டு, வெளியே வரும் காற்றைத் தானே ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். ஒரு மனிதனின் எடையையும் மூட்டையின் எடையையும் தாங்குகிற காற்றுக்கு அந்தச் சின்ன ரப்பர்தான் காவல். அதை எச்சில் தொட்டு மாட்டுவதுதான் காலம்காலமான முறை. முகக்கவசம் போட்ட கடைக்காரர் பழக்கத்தில் விரலை வாய்வரை கொண்டுபோய், நிறுத்தி, தண்ணீர்த் தொட்டியில் தொட்டு மாட்டினார்.

பங்க்சர் ஒட்டுவதிலும் அவசரத்துக்கு இடமில்லை. டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் காப்பியிங் பென்சிலால் குறித்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காய விட வேண்டும். ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் பிடிக்காது. தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே ரப்பர் துண்டை வைக்க வேண்டும். காத்திருப்பதுதான் ஒட்டுவதன் பெரும்பகுதி. எதற்கும் அவசரப்பட வழியில்லாத அந்த மாதங்களில், வட்டம் போட்ட இடைவெளியில் நின்றுகொண்டு இதைப் பார்த்தவர்கள் யாரும் “சீக்கிரம்ப்பா” என்று சொன்னதாக நினைவில்லை.

ஆனால் நான் மிகவும் ரசித்தது கோட்டம் எடுப்பதைத்தான். பழைய பெரிய சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 போக்ஸ் கம்பிகள். எல்லாம் ரிம்மை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் சக்கரம் வட்டமாக நிற்கிறது. ஒன்று தளர்ந்தால் அந்த இடத்தில் ரிம் விலகி, பிரேக் கட்டையில் உரசும். கடைக்காரர் சக்கரத்தைச் சுழல விட்டு, ஃபோர்க்கில் கட்டைவிரலை ஊன்றி, நகம் எங்கே உரசுகிறதென்று பார்ப்பார். அங்கே நிப்பிள் சாவியால் கால் திருகு. எதிர்ப்பக்கக் கம்பியில் அரைக்கால் திருகு தளர்வு. பிறகு கம்பிகளை விரலால் ஒவ்வொன்றாகச் சுண்டிக் கேட்பார். இறுகியது கணீரென்று சொல்லும், தளர்ந்தது மந்தமாகச் சொல்லும். தெரு அடங்கியிருந்ததால் அந்தச் சுருதி வேறுபாடு வாடிக்கையாளருக்கும் கேட்டது. தொழிலாளி ஒருவர் இத்தனை காலம் சந்தடிக்கு நடுவே எதைக் கேட்டு வேலை செய்துவந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிள்ளைகளின் உலகம் வேறாக இருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வை ஒத்திவைத்து ஒத்திவைத்து, ஜூன் 9-இல் ரத்துசெய்து எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். அதுவரை புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்கள் அன்று மாலை தெருவில் ஹேண்டிலை விட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓட்டினார்கள். அடுக்குமாடி வீடுகளின் தரைத்தளத்தில், நகராத கார்களுக்கும் தூண்களுக்கும் நடுவே சின்னப் பிள்ளைகள் எட்டு போட்டுப் பழகினார்கள். தூண் கிட்டே வரும்போது பிரேக்கை நம்பாமல் செருப்புக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவார்கள். சிமென்ட் தரையில் அந்த ‘சர்ர்’ கேட்டதும் மேலே யாரோ ஒரு பாட்டி, “விழுந்து வைக்காதடா” என்பார். கூரையின் எதிரொலியில் பெல் அடித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு சுற்று தனியாக உண்டு.

ரசனை ஒரு பக்கம் இருக்க, அதே சைக்கிள் அந்த நாட்களில் சுமந்த வேறு பாரங்களைச் சொல்லாமல் விட்டால் இது பொய்யான பாராட்டாகிவிடும். கும்பகோணம் பக்கத்தில் 65 வயதுக் கூலித் தொழிலாளி ஒருவர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த மனைவியைக் கேரியரில் உட்கார வைத்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்துப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஊரடங்கு தொடங்கிய முதல் வாரத்தில் நடந்தது இது. சிகிச்சை கொடுத்து, ஆம்புலன்சில் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். கேரியரின் இரும்புக் கம்பி மேல் உட்கார்ந்து ஒரு தெரு நீளம் போயிருப்பவர்களுக்கு நூறு கிலோமீட்டர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மே மாதத்தில் பீகாரைச் சேர்ந்த 15 வயது ஜோதி குமாரி, அடிபட்ட அப்பாவைப் பின்னால் வைத்து, டெல்லிக்குப் பக்கத்துக் குருகிராமிலிருந்து தர்பங்கா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் மிதித்தாள். நாடே புகழ்ந்தது, சைக்கிள் கூட்டமைப்பு தேர்வுக்கு அழைத்தது, 2021-இல் பிரதமரின் பால புரஸ்கார் விருதும் கிடைத்தது. ஆனால் அவளுக்கு அன்று தேவைப்பட்டது ஒரு ரயில். ஜூன் 3 உலக சைக்கிள் தினம். அதே நாளில் அட்லஸ் நிறுவனம் சாஹிபாபாத் ஆலையில் வேலையை நிறுத்தி வாயிலில் அறிவிப்பு ஒட்டியது. உலகமே சைக்கிளைத் தேடிய ஆண்டில் சைக்கிள் செய்தவர்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள்.

இந்தப் பாரங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வண்டியின் குணம் முழுதாகத் தெரிகிறது. பெட்ரோல் கேட்காது, அட்டவணை கேட்காது, ஓட்டுநர் உரிமம் கேட்காது. ஓட்டுகிறவரின் தெம்பு எவ்வளவோ அவ்வளவு தூரம். ஒருவருக்கு அது முனைக்கடை, இன்னொருவருக்குத் தர்பங்கா. எந்த வேகத்திலும் பக்கத்தில் நடப்பவரின் காதுக்கும் கண்ணுக்கும் அது இடைஞ்சல் செய்வதில்லை. நயம் என்று நான் சொல்வது இந்த அளவைத்தான்.

சில நகரங்கள் இதைப் புரிந்துகொண்டன. கொலம்பியாவின் போகோட்டா 2020 மார்ச்சிலேயே சாலைகளில் தற்காலிகத் தடுப்புக் கூம்புகளை வைத்து 70 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிளுக்கு ஒதுக்கியது. பாரீஸ் தன் ரிவோலி வீதியில் பெரும்பாலான கார்களுக்குத் தடை போட்டு அந்த மே மாதத்தில் சைக்கிளுக்குக் கொடுத்தது. நோய் தணிந்த பிறகும் திருப்பி வாங்கவில்லை. நம் மத்திய நகர்ப்புற அமைச்சகமும் ஜூன் மாதம் நகரங்களுக்கு ‘சைக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச்’ என்றொரு போட்டி வைத்தது. சென்னைத் தெருக்களிலோ வண்டிகள் திரும்பிய வேகத்தில் புங்கம்பூ மறுபடி கூழாயிற்று. ஃப்ரீவீல் மறுபடி ரகசியமாயிற்று.

ஊரை இன்னொரு முறை பூட்டச் சொல்லி யாரும் கேட்க மாட்டோம். ஆனால் அன்று அரசு கட்டாயப்படுத்தி வரைந்த இரண்டு கிலோமீட்டர் வட்டத்தை நாமே விரும்பி வைத்துக்கொள்ளலாம். காய், பால், மருந்து, நூலகம், பேரப்பிள்ளையின் டியூஷன் எல்லாம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கின்றன. மாடிப்படிக்கு அடியில் நிற்கும் வண்டியைத் துடைத்து, புது வால்டியூப் போட்டு, செயினுக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் காய் வாங்க அதில் போய் வாருங்கள். தக்காளியை மட்டும் முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.